டயர் எண்ணெய் ஆலை போடப் போகிறீர்களா? ரியாக்டரைத் தாண்டிக் கொஞ்சம் பாருங்கள்

எங்கள் ஆலையிலிருந்து கிளம்பிய முதல் டேங்கர் அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. சேலத்தில் மாக்னசைட் சுடுகிற ஒரு சூளைக்காரர் வாங்கியிருந்தார். பர்னரில் விட்டதும் தீ படபடவென்று தெறித்து அணைந்துபோயிருக்கிறது. "ஏங்ணா, எண்ணெய் அனுப்புனீங்களா, தண்ணி அனுப்புனீங்களா?" என்று போனில் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. டேங்கின் அடியில் என்ன இருக்கிறது என்று நான் பார்த்ததே இல்லை.

பழைய டயரைக் காற்றுப் படாமல் 400, 500 டிகிரிக்குச் சூடாக்கி எண்ணெய் எடுப்பதைத்தான் பைரோலிசிஸ் என்கிறார்கள். இயந்திரம் விற்க வருகிறவர் டயரைப் போட்டுச் சூடாக்கும் மூடிய கலனான ரியாக்டரைப் பற்றியே பேசுவார். எத்தனை டன் பிடிக்கும், எத்தனை மணி நேரம் ஓடும், இவ்வளவுதான். வெளியே வரும் ஆவியை எண்ணெய், தண்ணீர், வாயு என்று பிரிக்க வேண்டும், உள்ளே மிஞ்சும் கரியையும் கம்பியையும் பத்திரமாக எடுக்க வேண்டும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காகிதம் வேண்டும் என்பதையெல்லாம் அவர் சொல்ல மாட்டார். சங்ககிரிப் பக்கம் நிலம் பார்த்த நாளிலிருந்து ஒழுங்கான முதல் லோடு போகும்வரை எனக்கு 18 மாதம் ஆனது. அதில் ஏழெட்டு மாதம் என் அறியாமைக்குக் கட்டிய வட்டி. உங்களுக்கு அது வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. முதலில் எடைக் கணக்கு

10 டன் லாரி டயர் போட்டால் ஏறக்குறைய 4 முதல் 4.5 டன் எண்ணெய், 3 முதல் 3.5 டன் கரி, 1 முதல் 1.5 டன் கம்பி கிடைக்கும். மிச்சம் ஒரு டன் சொச்சம் வாயுவாகப் போகும். ரேடியல் டயரில் கம்பி அதிகம், எண்ணெய் குறைவு. நைலான் டயரில் விளிம்புக் கம்பி மட்டும்தான், எண்ணெய் கூடுதலாக வரும். சங்ககிரி, நாமக்கல் லாரிப் பட்டறைகளில் இரண்டும் கலந்துதான் கிடைக்கும். அதனால் விலை பேசும்போதே குவியலில் எது எவ்வளவு என்று பிரித்துப் பாருங்கள்.

"55 சதவீதம் எண்ணெய் வரும்ங்க" என்று யாராவது சொன்னால், அது தண்ணீரும் சேர்ந்த எடையா என்று கேளுங்கள். முதல் பத்து லோடுக்கு உள்ளே போகும் டயர், வெளியே வரும் எண்ணெய், கரி, கம்பி எல்லாவற்றையும் எடை மேடையில் போட்டு நோட்டில் எழுதுங்கள். இந்த நோட்டு பின்னால் மூன்று இடங்களில் உதவும்: ஆவியைக் குளிரவைத்து எண்ணெயாக்கும் கண்டென்சர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் காட்ட, வங்கிக்குக் காட்ட.

2. இயந்திரத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், நிலத்தைப் பாருங்கள்

ஏற்காடு அடிவாரத்தில் மலிவாக நிலம் கிடைக்கிறது என்று ஒருவர் என்னை அழைத்துப்போனார். ஏற்காடு வட்டம் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கீழ் வருகிறது. மலைமேலோ மலையை ஒட்டியோ இந்தத் தொழிலை நினைக்கவே வேண்டாம். கீழே வந்தாலும், நகர் ஊரமைப்புத் துறைப் பதிவில் அந்த சர்வே எண் தொழிற்சாலைப் பகுதி என்று இருக்கிறதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விவசாய நிலமாக இருந்தால் வகை மாற்றவே மாதக்கணக்கில் இழுக்கும்.

இந்தத் தொழில் சிவப்பு வகையை, அதாவது அதிகம் மாசுபடுத்தும் தொழில்களின் வகையைச் சேர்ந்தது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கான இசைவாணை வாங்காமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் இரண்டின் கீழும் இசைவு வேண்டும். விண்ணப்பம், கட்டணம் எல்லாம் ஆன்லைனில்தான். கட்டணம் உங்கள் நிலையான சொத்து மதிப்பைப் பொறுத்து ஏறும். சட்டப்படி நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் வாரியம் ஒரு கேள்வி கேட்டு நீங்கள் பதில் போட இரண்டு மாதம் ஆனால் அந்த இரண்டு மாதம் உங்கள் கணக்கில்தான். என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பியது. இரண்டு முறையும் காரணம் ஒன்றுதான்: பொருள் சமநிலைக் கணக்கில் 10 டன் உள்ளே போகிறது, 9 டன் வெளியே வருகிறது. வாயுவை எழுத மறந்திருந்தேன்.

விண்ணப்பத்தில் விளைபொருள் என்ற இடத்தில் எண்ணெய் மட்டும் எழுதாதீர்கள். கரி, கம்பி எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு எண்ணெயை வடித்துப் பிரிக்கும் எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சேர்த்துவிடுங்கள். எழுதாத பொருளை விற்றால் அது விதிமீறல்.

பழைய பேட்ச் ரியாக்டர் (ஒரு லோடு போட்டு, அது முடிந்து ஆறியதும் அடுத்த லோடு போடுகிற வகை) பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது ஆசை காட்டுவார்கள். நானும் ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போய்க் கடைசி நிமிடத்தில் தப்பித்தேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடைமுறைப்படி, தொடர்ந்து ஓடுகிற வகை அல்லது மேம்பட்ட தானியங்கி பேட்ச் வகைதான் செல்லும். கதவைத் திறந்து ஆள் விட்டு டயரை உருட்டித் தள்ளும் பழைய மாதிரிக்கு இசைவு கிடைக்காது. இரும்பு விலைக்கு விற்கத்தான் உதவும்.

3. கண்டென்சர்: சித்திரை வெயிலுக்குக் கணக்குப் போடுங்கள்

சூடு ஏற ஏற முதலில் வருவது டயரில் ஒட்டியிருந்த தண்ணீர். மழைக்காலத்தில் வெளியே கிடந்த டயர் என்றால் உள்ளே தேங்கிய தண்ணீரும் சேர்ந்து வரும். கவிழ்த்துக் கொட்டிவிட்டுப் போடுங்கள், விறகாவது மிஞ்சும். அப்புறம் எண்ணெய் ஆவி வரத் தொடங்கும். கனமான எண்ணெய் முதல் தொட்டியிலேயே விழுந்துவிடும். லேசானது கண்டென்சரில் குளிர்ந்து விழும். எதிலும் விழாதது வாயு.

இங்கேதான் சேலத்து வெயில் குறுக்கே வருகிறது. ஏப்ரல், மே மாதங்களில் குளிர்கோபுரத்துத் தண்ணீரே வெதுவெதுப்பாகத் திரும்பும். கண்டென்சரை விட்டு வெளியேறும் வாயு 40 டிகிரிக்கு மேல் போனால் லேசான எண்ணெயும் வாயுவோடு பர்னருக்குப் போய் எரிந்துவிடும். நீங்கள் விற்க வேண்டிய எண்ணெயை அடுப்பில் ஊற்றுகிறீர்கள் என்று அர்த்தம். என் நோட்டில் தை மாத லோடுக்கும் சித்திரை மாத லோடுக்கும் வித்தியாசம் பார்த்த பிறகுதான் இது புரிந்தது. கண்டென்சரின் கடைசி முனையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். விலை சில நூறு ரூபாய். விற்பவர் கொடுக்கும் அளவைவிடக் கண்டென்சர் பரப்பை ஒரு சுற்றுக் கூட்டிக் கேளுங்கள். கோடையில் ஆவி அதிகமாக வரும் நேரம் இரவில் விழுகிற மாதிரி லோடு ஏற்றுங்கள்.

4. வாயு: சேமிக்க நினைக்காதீர்கள்

குளிராத வாயுவை நீர்ப்பூட்டு வழியாகத்தான் பர்னருக்கு விட வேண்டும். நீர்ப்பூட்டு என்றால் வாயுக் குழாயின் வாய் தண்ணீருக்குள் முங்கியிருக்கும் ஒரு தொட்டி, அவ்வளவுதான். பர்னரிலிருந்து தீ பின்னோக்கி ஓடி வந்தால் அதில் அணைந்துவிடும். ஒவ்வொரு லோடுக்கு முன்பும் அதில் தண்ணீர் மட்டம் பார்ப்பது ஒரு ஆளின் பெயர் போட்ட வேலையாக இருக்கட்டும். "யாராவது பார்த்திருப்பாங்க" என்றால் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

டயரில் கந்தகம் உண்டு, அதனால் இந்த வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அழுகிய முட்டை நாற்றம். நாற்றம் நின்றுவிட்டது என்றால் வாயு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும். சட்டையில் மாட்டுகிற டிடெக்டர் இல்லாமல் தண்ணீர் வடிகிற குழிப் பக்கமோ டேங்க் பக்கமோ ஆளை அனுப்பாதீர்கள். டேங்குக்குள் இறங்கிக் கழுவும் வேலையை அதற்கென்றே பயிற்சி பெற்றவர்களிடம் மட்டும் கொடுங்கள். ஒருவர் மயங்கினால் காப்பாற்ற இறங்குகிற இரண்டாவது ஆளும் போய்விடுவார்.

5. எண்ணெயிலிருந்து தண்ணீரைப் பிரிப்பது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என் டேங்கர் திரும்பியது இங்கே செய்த தப்பால்தான்.

மண்ணெண்ணெயில் தண்ணீர் விட்டால் உடனே பிரிந்து கீழே போகும். டயர் எண்ணெய் அப்படி இல்லை. அதன் அடர்த்தி 0.92, 0.95 என்று தண்ணீருக்குப் பக்கத்திலேயே நிற்கும். கன எண்ணெய் இன்னும் நெருங்கும். அதனால் தண்ணீர் மெதுவாகத்தான் இறங்கும். நான் செய்தது என்னவென்றால், சாயங்காலம் வந்த எண்ணெயை வேகமாகச் சுற்றும் மோட்டார் பம்பு வைத்து அடித்து, காலையில் டேங்கரில் ஏற்றினேன். அந்தப் பம்பு எண்ணெயையும் தண்ணீரையும் மோர் கடைவது போலக் கடைந்து விட்டது. கடைந்தது பிரிய நாள்கணக்கில் ஆகும்.

இப்போது செய்வது இது. அடி கூம்பாக உள்ள மூடிய செட்டிலிங் டேங்க் இரண்டு. ஒன்றில் எண்ணெய் விழும்போது மற்றது அசையாமல் நிற்கும். உள்ளே நீராவி போகும் சுருள் குழாய் (ஸ்டீம் காயில்) ஓடுகிறது. எண்ணெயை 50, 60 டிகிரியில் வைத்தால் குழகுழப்பு குறைந்து தண்ணீர் இறங்க வழி கிடைக்கும். அதற்கு மேல் சூடாக்காதீர்கள், லேசான ஆவி கிளம்பும். மேலே உள்ள ஆவிக் குழாயைத் தனியாகக் கண்டென்சரோடு இணைத்துவிடுங்கள். 48 மணி நேரம் தொடவே கூடாது. அப்புறம் அடி வால்வைக் கால்வாசி திறந்தால் முதலில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும், பிறகு பழுப்பாக நுரை போன்ற ஒன்று வரும், கடைசியில் கருப்பு எண்ணெய். அந்த நடுப் பகுதியை எண்ணெயோடு சேர்க்கவும் கூடாது, தண்ணீரோடு சாக்கடைக்கு விடவும் கூடாது. தனி டிரம்மில் பிடித்து அடுத்த லோடோடு மறுபடி டேங்கில் போடுங்கள். எண்ணெயை நகர்த்த மெதுவாகச் சுற்றும் கியர் பம்பு போதும்.

வடித்த தண்ணீரில் பீனாலும் அமோனியாவும் இருக்கும். நிலத்தில் விட்டால் பக்கத்துக் கிணறு கெடும். மூன்றாவது நாளே ஊர் உங்கள் வாசலில் நிற்கும், நியாயமும் அவர்கள் பக்கம்தான். அதைச் சுத்திகரிக்கவோ எரித்து ஆவியாக்கவோ இசைவாணையில் சொன்ன வழி எதுவோ அதை மட்டும் செய்யுங்கள்.

ஏற்றுவதற்கு முன் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் மாதிரி எடுங்கள். அடி மாதிரியை ஒரு கண்ணாடி பாட்டிலில் ஊற்றி வெந்நீர் வாளியில் ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் கோடு தெரிந்தால் டேங்கர் கிளம்பக் கூடாது. 12,000 லிட்டர் டேங்கரில் 2 சதவீதம் என்பது 240 லிட்டர் தண்ணீர். லாரி வாடகை கொடுத்துத் தண்ணீர் சுமக்கிறீர்கள்.

6. கரியும் கம்பியும்

லோடு முடிந்ததும் கதவைத் திறக்க ஆசை வரும். திறக்காதீர்கள். சூடான கரிக்குக் காற்றுப் பட்டால் கங்காகிவிடும். உள்ளே 50, 60 டிகிரிக்கு இறங்கும்வரை பொறுங்கள். மூடிய திருகுக் குழாய் வழியாக, சுற்றிலும் தண்ணீர் ஓடும் உறையில் குளிர்ந்து வெளியே வருகிற அமைப்பு இருந்தால் நேரமும் மிச்சம், தூசியும் இல்லை. எடுத்த பிறகும் கரியை மலைபோலக் குவிக்காதீர்கள். உள்ளுக்குள் சூடேறித் தானே பற்றிக்கொள்ளும். எங்கள் கொட்டகையில் ஒருநாள் விடியற்காலை சாக்கு ஒன்று சத்தமில்லாமல் புகைந்துகொண்டிருந்தது. நல்ல வேளை, வாட்ச்மேன் தாத்தா பீடி பற்ற வைக்க வெளியே வந்தவர் பார்த்தார். (பீடி எங்கே பற்ற வைத்தார் என்பது தனிக் கதை. இப்போது கேட்டுக்கு வெளியேதான்.)

கம்பி தலைமுடிச் சிக்கு மாதிரி வெளியே வரும். ஒட்டிய கரியைத் தட்டி, காந்தம் வைத்துப் பிரித்து, கட்டாக அழுத்தி விற்றால் சேலம் உருக்காலைகளுக்குப் போகிற பழைய இரும்பு வியாபாரிகள் நல்ல விலை தருவார்கள். கரியோடு கொடுத்தால் எடையில் ஒரு கழிவு போடுவார்கள், அது அவர்கள் இஷ்டத்துக்கு இருக்கும். இதில் ஒரு வரி விஷயம்: 2024 அக்டோபர் 10 முதல், ஜிஎஸ்டி பதிவுள்ளவர் பதிவுள்ளவரிடம் பழைய உலோகம் வாங்கும்போது, ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டினால் 2 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் பணம் தர வேண்டும். பணம் குறைகிறதே என்று சண்டை போடாதீர்கள். அது ஜிஎஸ்டி போர்ட்டலில் உங்கள் ரொக்கப் பேரேட்டில் வரவாகும். அங்கே அதை ஏற்றுக்கொள்ள மறக்காமல் இருந்தால் போதும்.

7. எண்ணெயை வைத்திருக்கவும் காகிதம் வேண்டும்

"ஃபர்னஸ் ஆயில் மாதிரிதான்ங்க" என்பார்கள். உலைகளில் எரிக்கும் ஃபர்னஸ் ஆயிலின் தீப்பற்றும் வெப்பநிலை, அதாவது பக்கத்தில் தீப்பொறி இருந்தால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும் குறைந்தபட்சச் சூடு, 66 டிகிரிக்குக் குறையக் கூடாது என்பது தரவிதி. பிரிக்காத டயர் எண்ணெயில் லேசான பகுதி கலந்திருப்பதால் அது 20, 30 டிகிரியிலேயே பற்றும். பெட்ரோலியச் சட்டப்படி 23 டிகிரிக்குக் கீழே ஏ வகுப்பு, 23 முதல் 65க்குள் பி வகுப்பு, 65 முதல் 93க்குள் சி வகுப்பு. பி வகுப்பு என்றால் உரிமம் இல்லாமல் ஒரே இடத்தில் 2,500 லிட்டருக்கு மேல் வைக்க முடியாது, ஒரு கலனில் 1,000 லிட்டருக்கு மேல் இருக்கவும் கூடாது. சி வகுப்புக்கு அந்த வரம்பு 45,000 லிட்டர். ஏ வகுப்பாகிவிட்டால் வெறும் 30 லிட்டர்.

ஆகவே முதல் லோடு வரும் முன்பே, அதே மாதிரி இயந்திரம் ஓடும் வேறு ஆலையின் எண்ணெயை வாங்கி அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் தீப்பற்றும் வெப்பநிலை, தண்ணீர், கந்தகம், சாம்பல், வெப்ப மதிப்பு ஐந்தையும் பாருங்கள். எந்த வகுப்பு என்று தெரிந்தால்தான் டேங்குகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, சுற்றிலும் எவ்வளவு உயரத் தடுப்புச் சுவர் என்று வரைபடம் போட முடியும். பெசோ எனப்படும் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பிடம் வரைபடத்துக்கு முன் ஒப்புதல், அப்புறம் டேங்க் சோதனைச் சான்று, அப்புறம் உரிமம் என்ற வரிசை. நான் டேங்க் கட்டிவிட்டு வரைபடம் அனுப்பினேன். ஒரு டேங்கை 3 மீட்டர் தள்ளி மறுபடி அஸ்திவாரம் போட்டேன்.

இதோடு தீயணைப்புத் துறைச் சான்றும், தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரைபட ஒப்புதலும் வேண்டும். இவற்றை ஒரே நேரத்தில் போடலாம், ஒன்றுக்காக மற்றது காத்திருக்க வேண்டியதில்லை. எல்லாம் வந்த பிறகு இயக்குவதற்கான இசைவாணை, கூடவே அபாயகரக் கழிவு அங்கீகாரம்.

2022 ஜூலையில் வந்த விதித்திருத்தத்துக்குப் பிறகு பழைய டயர் மறுசுழற்சி செய்கிறவர் மத்திய வாரியத்தின் போர்ட்டலில் பதிவு செய்து, காலாண்டுக் கணக்கும் ஆண்டுக் கணக்கும் போட வேண்டும். அதில் உருவாகும் மறுசுழற்சிச் சான்றிதழை டயர் கம்பெனிகள் விலை கொடுத்து வாங்கும். எண்ணெய், கரி, கம்பியோடு இதையும் ஒரு விளைபொருளாக நினைத்துக்கொள்ளுங்கள். அதே விதிப்படி எண்ணெய் எடுப்பதற்காக வெளிநாட்டுப் பழைய டயரை இறக்குமதி செய்யத் தடை. துறைமுகத்திலிருந்து மலிவாக லோடு வருகிறது என்று புரோக்கர் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

8. விற்பது

லிட்டரில் விற்காதீர்கள், கிலோவில் விற்றுக்கொள்ளுங்கள். எண்ணெய் 10 டிகிரி குளிர்ந்தால் முக்கால் சதவீதம் போலச் சுருங்கும். 60 டிகிரியில் 12,000 லிட்டர் ஏற்றினால், வாங்குகிறவர் டேங்கில் 30 டிகிரிக்கு ஆறியதும் 250 லிட்டருக்கு மேல் குறையும். அவர் டிரைவரைச் சந்தேகப்படுவார், டிரைவர் உங்களைச் சந்தேகப்படுவார். எடை மேடை ரசீது இருந்தால் பேச்சே இல்லை. தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு ஈ-வே பில் வேண்டும். டேங்கர் லோடு எப்படியும் அதைத் தாண்டிவிடும்.

லாரிக்காரர்கள் தேடி வருவார்கள். "டீசலோடு கலந்துக்கிறோம், விலை கூடத் தர்றோம்" என்பார்கள். இந்த எண்ணெயில் கந்தகம் ஒரு சதவீதம் அளவுக்கு இருக்கும், அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. இன்றைய பிஎஸ் 6 டீசலில் அனுமதி 10 பங்கு. ஆயிரம் மடங்கு. அவர்கள் இன்ஜின் போகும், உங்கள் மேல் வழக்கு வரும். விலைப்பட்டியலில் "தொழில் உலைக்கு மட்டும்" என்று அச்சிட்டு, வாங்குகிறவரின் இசைவாணை நகலையும் கோப்பில் வையுங்கள்.

வடித்துப் பிரித்து லேசான எண்ணெயைத் தனியாக விற்றால் லாபம் கூடும் என்பது உண்மைதான். முதல் வருடம் வேண்டாம். தண்ணீரைப் பிரிக்கக் கற்றுக்கொள்ளும் முன் நெருப்பு வைத்து வடிக்கிற வேலைக்குப் போகாதீர்கள்.

9. சேற்றுக்குப் பணம் எடுத்து வையுங்கள்

டேங்க் அடியில் தார் மாதிரி சேறு சேரும். அது அபாயகரக் கழிவு. 90 நாளுக்கு மேல் ஆலையில் வைக்கக் கூடாது. கும்மிடிப்பூண்டி மாதிரியான அங்கீகரிக்கப்பட்ட கழிவு மையத்துக்கோ, அனுமதி பெற்ற சிமென்ட் ஆலைக்கோ படிவத்தோடுதான் அனுப்ப வேண்டும். லாரி வாடகையும் அவர்கள் கட்டணமும் சேர்த்தால் கை கடிக்கும். முதலிலேயே ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு டன் எண்ணெய் விற்கும்போதும் அதற்கென்று ஒரு தொகையைத் தனியாக எடுத்து வைக்கிறேன். ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது ரியாக்டரை அல்ல, இந்தச் சேற்றுப் பதிவேட்டைத்தான். தேதி, எடை, வண்டி எண், படிவ எண் நான்கும் அன்றன்றைக்கு எழுதியிருக்க வேண்டும். மாசக் கடைசியில் ஒரே பேனாவில் மொத்தமாக எழுதினால் பார்த்தாலே தெரிந்துவிடும். எனக்கும் ஒரு தடவை தெரிந்துபோனது, விளக்கக் கடிதம் எழுதினேன்.